ஷைலா செய்த முதல் துப்பாக்கி

ராணுவம் கழித்துப்போட்ட பழைய துப்பாக்கியில் தோட்டா ஏற்றும் போல்ட்டை எடுத்து, புதுக் குழலும் கட்டையும் மாட்டி ஷைலா செய்த முதல் துப்பாக்கி அது. பண்ணைக்காட்டுக் காப்பித் தோட்டத்தில் அதைச் செல்வமுருகனிடம் நீட்டியவள், பாதியில் திரும்ப இழுத்துக்கொண்டாள். பாயும் வேகம் கூடினால் ஆபத்து, குறைந்தால் வீண்.

"சார், திரும்ப ஒருக்கா சரிபாத்துரட்டுமா?"

"அதுவரைக்கும் காட்டுமாடு காத்துக்கிட்டு நிக்குமாம்மா?"

வேலிக்கு அப்பால் அவள் அம்மா அருள்மேரி தலையில் அடித்துக்கொண்டாள். "வேட்டைக்குத் துப்பாக்கி செஞ்சு குடுக்கிறதும் ஒரு சோலியாடி? வாயில்லாச் சீவன் பாவம் சும்மா விடாது!"

செல்வமுருகன் சுட்டார். சில நிமிடங்களில் காட்டுமாடு தள்ளாடி, மெல்லச் சரிந்தது.

"கொன்னுட்டியேடி, பாவி மகளே!" அருள்மேரி சிலுவை போட்டுக்கொண்டு அழுதாள்.

வனத்துறைக் கால்நடை மருத்துவரான செல்வமுருகன் ஓடிப்போய், அதன் தொடையில் தைத்திருந்த மயக்க ஊசியைப் பிடுங்கினார். எங்கோ மாட்டிக்கொண்டு கழுத்தை அறுத்துக்கொண்டிருந்த இரும்பு வளையத்தை வெட்டி எறிந்தார். மயக்கம் தெளிய மாற்று மருந்து போட்டுவிட்டு விலகி வந்தார்.

"ஊசி சொன்ன எடத்துல எறங்கியிருக்கு, ஷைலா!"

காட்டுமாடு எழுந்து, தலையை உதறிவிட்டுச் சோலைக்குள் நடந்தது.

கண்ணைத் துடைத்த அருள்மேரி, வேலியோரம் கூடியிருந்தவர்களிடம் திரும்பினாள்.

"துப்பாக்கி எம் மக செஞ்சதாக்கும்!"