கடையில் இல்லாத மாடல்

மூன்றாவது வரிசையில் என்னால் ஒரு நிமிடம் நிலையாக உட்கார முடியவில்லை.

மேடையில் ரொவீனா நின்றாள். என் சித்தி மகள். நாங்கள் நடத்தும் விக் கம்பெனியில் பாதிப் பங்கு அவளுடையது. ஒன்பது வருடமாக டிவியில் ஊரைச் சிரிக்க வைத்த, எதிரில் கூட்டத்தை உட்கார வைத்தே எடுக்கும் அவளுடைய தொடருக்கு அன்றுதான் கடைசிப் படப்பிடிப்பு.

தலையில் ஒரு புது மாடல். குட்டைச் சுருளாக, கறுகறுவென்று, சிலிர்த்துக்கொண்டு நின்றது.

எங்கள் கடையில் அப்படி ஒரு மாடலே கிடையாது.

சொந்தக் கடையை வைத்துக்கொண்டு எதிர்க்கடையில் போய் வாங்கியிருக்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தலையலங்காரத்தை எப்போதும் வீட்டிலேயே முடித்துக்கொண்டு வந்துவிடுவாள். ஸ்டுடியோவில் இருக்கிற வெள்ளைக்காரப் பெண்களுக்குக் கறுப்பர்களான எங்கள் சுருட்டை முடியில் கை வைக்கத் தெரியாது. தொடர் தொடங்கிய முதல் நாள் தயாரிப்பாளர் அவளுடைய சொந்த முடியைப் பார்த்துவிட்டு, அதை எதையாவது போட்டு மூடச் சொன்னார். மறுநாள் நான் தைத்துக் கொடுத்த விக்கோடு போனாள். எங்கள் கம்பெனி அப்படித்தான் பிறந்தது.

இந்தக் கடைசி நாளில் ஒரு ஜோக் எடுபடவில்லை. திரும்ப எடுத்தும் கூட்டம் சிரிக்கவில்லை.

அப்படி ஆனால் எழுத்தாளர்கள் மேடைக்கே ஓடிவந்து, நின்ற இடத்தில் வேறொன்றை யோசிப்பார்கள். அதுவரை ஓர் ஆள் எங்களுக்கு மிட்டாய் வீசி வேடிக்கை காட்டிக்கொண்டிருப்பான்.

எழுத்தாளன் ஒருவன் தன் உச்சந்தலையைப் பிடித்து மேலே தூக்குவதுபோல் டுவேனுக்குச் செய்து காட்டினான். டுவேன் தொடரில் அவள் கணவன்.

"போச்சு. டோப்பாவ உருவப் போறான்," என்றாள் பக்கத்தில் இருந்த எர்லீன். எங்கள் சர்ச் ஆட்களை பஸ்ஸில் கூட்டி வந்தவள். "சூறாவளி அடிச்சாலும் கழலாதுன்னு நீதானடி விளம்பரம் குடுத்த?"

கழன்று விழுந்தால் நாடே பார்க்கும். எதிர்க்கடைச் சரக்கு என்று அதில் எழுதியா ஒட்டியிருக்கிறது? எங்கள் பெயர்தான் நாறும். கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

ரொவீனா என் பக்கம் திரும்பினாள். மாட்டேன் என்று சொல் என்பதாக நான் கையை ஆட்டினேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் தொட மாட்டார்கள்.

அவளோ டுவேனைப் பார்த்துச் சரி என்று தலையசைத்தாள். காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள்.

கேமரா ஓடியது. சண்டைக்கு நடுவில் டுவேன் எட்டிப் பிடித்து இழுத்தான்.

வரவில்லை.

பசை பலம் என்று நினைத்திருப்பான். விரல்களில் சுற்றிக்கொண்டு இன்னும் வேகமாக இழுத்தான். அவன் கையோடு அவள் கழுத்தும் போனது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எர்லீனும் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. நெற்றி ஓரத்தில் முடியோடு சேர்ந்து தோலும் எழும்பியதைப் பார்த்துவிட்டேன். விக்கில் தோல் எழும்பாது. இருபதடி தூரத்தில் எவள் தலையில் இருப்பது எந்தக் கம்பெனி சரக்கு என்று சொல்கிறவள் நான். எனக்கே அப்போதுதான் உறைத்தது.

கம்பெனி, விளம்பரம் எல்லாம் மறந்து போயிற்று. எழுந்து நின்று கத்தினேன்.

"விடுடா அத. அது அவ தலையில முளைச்சது."

சிரிப்பு நின்றது. டுவேன் கையை உதறிக்கொண்டு பின்னால் போனான். முதலில் எர்லீன் எழுந்தாள். பிறகு எங்கள் சர்ச் கூட்டம் மொத்தமும் எழுந்து கைதட்டியது.

யாரோ கேமராவை நிறுத்தச் சொன்னார்கள். ரொவீனா வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

வலியில் வழிந்த கண்ணீரை அவள் துடைக்கவில்லை. கலைந்த முடியை இரண்டு கைகளாலும் மேலே தூக்கி விட்டுக்கொண்டு, அடுத்த வசனத்தைச் சொன்னாள்.