பின்னால் கேட்ட பீப் சத்தம்

"அப்பா, ஹால் பக்கம் போங்க."

அலுவலகச் சுவரில் இருந்த திரையில் அப்பாவின் வீடு மெல்ல நகர்ந்தது. அவனும் கூட்டாளியும் ராப்பகலாக உழைத்துச் செய்த மூக்குக்கண்ணாடி. போட்டிருப்பவர் பார்ப்பதும் கேட்பதும் அப்படியே நேரலையாக இங்கே வந்துவிடும். முதல் கண்ணாடியை வேறு ஊரில் தனியாக இருக்கும் அப்பாவுக்குத்தான் அனுப்பினான். போய்ப் பார்க்கிற வேலை மிச்சம்.

"செடிக்கெல்லாம் தண்ணி ஊத்தியாச்சு. நீ நேரத்துக்குச் சாப்பிடு," என்றது அப்பாவின் குரல்.

"குரல் ஏம்ப்பா கம்மியிருக்கு?"

"உன் மைக்க விட்டுட்டு என்னைக் குத்தம் சொல்றியா?"

"மைக்குல கோளாறு இருக்கத்தான் செய்யுது," என்றான் கூட்டாளி. "மூணு நாளா பின்னாடி பீப், பீப்புனு ஒரே சத்தம். இப்பதான் ஃபில்டர் போட்டு அடக்கினேன்."

திரையில் ஹால் வந்தது. அணைத்து வைத்திருந்த டிவியின் கறுப்பில் ஓர் உருவம் தெரிந்தது. அவன் அனுப்பிய மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, செல்போனைத் தாடைக்குக் கீழே பிடித்தபடி, பக்கத்து வீட்டு அக்கா நின்றுகொண்டிருந்தார்.

அப்பாவின் குரல் அந்த செல்போனிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

"ஹால் சுத்தமா இருக்கா? காலைல நான்தான் பெருக்கினேன்."

அவன் கூட்டாளியிடம் திரும்பினான். "அந்த ஃபில்டர எடுத்துடு."

சத்தம் திரும்ப வந்தது.

"எந்த ஆஸ்பத்திரிப்பா?"

பீப் சத்தம் மட்டும் கேட்டது, நேற்றைவிடக் கொஞ்சம் இடைவெளி விட்டு.