கறுப்பு வெள்ளைக் கயிறு

"சாய்கல், பிள்ளையைக் கொஞ்சம் கீழே இறக்கி விடும்மா. எந்நேரமும் இடுப்புலயே வெச்சிருந்தா அவன் எப்ப நடக்கிறது?"

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நான் இதைச் சொல்வது மூன்றாவது தடவை.

"எங்கண்ணே இறக்கறது? ஒரே சேறால்ல கெடக்கு."

குளிர்காலம் முழுக்கத் தரை சில்லென்று இருக்கிறது என்றாள். பனி உருகியதும் சேறு. நல்ல தாய்தான், ஆனால் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒரு டாக்டர்கிட்டயாவது காட்டு."

"காட்டறேண்ணே" என்று தலை குனிந்துகொண்டாள். அவள் மகன் பெக்தூர் சால்வைக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக் காலை உதைத்தான்.

இதைச் சொல்ல எனக்கென்ன யோக்கியதை? என் மகள் அரூகேவும் நடக்கவில்லை. இரண்டுக்கும் பதினேழு மாதம். பெக்தூர் பத்து நாள் மூத்தவன்.

அரூகே பிறந்தபோது எனக்கு ஐம்பத்தொன்று. என் மனைவி புருலுக்கு நாற்பது.

"கிழட்டுக் குதிரைக்குப் பொறந்த குட்டி. எழுந்து நிக்க நாளாகத்தான் செய்யும்" என்பாள் என் அக்கா ஜெய்னெப், தேநீரை உறிஞ்சிக்கொண்டே. எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். புருல் மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

கிளினிக் டாக்டரம்மா அரூகேயின் இடுப்பையும் முழங்காலையும் மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பிடிச்சுக்கிட்டு நிக்கிறா இல்ல? பதினெட்டு மாசம் வரைக்கும் பொறுங்க. அப்பவும் நடக்கலைன்னா பிஷ்கெக் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்."

அந்தத் தேதியைப் புருல் காலண்டரில் வட்டமிட்டு வைத்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் சரியான சாப்பாடு இல்லை.

சாய்கல் வந்து உட்கார்ந்தால்தான் புருலின் முகம் கொஞ்சம் தெளியும்.

"எங்க வீட்டு ராஜாவும் அசைய மாட்டேங்கறாங்க்கா. ரெண்டும் பேசி வெச்சுக்கிட்ட மாதிரி இருக்கு."

"நெசமாவா? ஒரு அடி கூட வைக்கலையா?"

"ஒரு அடியா? காலையே ஊன்றதில்ல."

சாய்கல் போன பிறகு புருல் ஒரு துண்டு ரொட்டியாவது சாப்பிடுவாள்.

எனக்கும் அதே ஆறுதல்தான். வெட்கத்தோடு சொல்கிறேன், அந்தப் பையன் முதலில் நடந்துவிடக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டதுகூட உண்டு.

வட்டமிட்ட தேதிக்கு ஐந்து நாள் இருந்தது. காலையில் தேநீருக்குப் புருல் மாவைத் துண்டு போட்டுப் போர்சோக் பொரித்துக் கொட்டியிருந்தாள். ஒன்றை எடுத்து ஊதிக்கொண்டிருந்தேன். மேசையைப் பிடித்து நின்ற அரூகே அதைப் பார்த்தாள். கையை விட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று அடி. என் கையிலிருந்து பிடுங்கி வாயில் திணித்துக்கொண்டாள்.

"புருல்!" என்று கத்தினேன்.

அவள் ஓடி வந்து பார்த்துவிட்டு, மாவுக் கையாலேயே என் தோளில் இரண்டு அடி அடித்தாள். பிறகு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமையே கயிறு அறுக்கும் சடங்கு. கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கம்பளிக் கயிற்றை அரூகேயின் கணுக்கால்களில் கட்டி முற்றத்தில் நிறுத்தினோம். அதை அறுக்காவிட்டால் பிள்ளை காலமெல்லாம் தடுக்கி விழும் என்பது எங்கள் நம்பிக்கை. வாசலில் தெருப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். முதலில் ஓடி வருகிறவர் கையில்தான் கத்தி.

"ஓடுங்கடா!" என்றாள் அக்கா.

பிள்ளைகள் பாய்ந்தார்கள். அப்போது சாய்கலின் இடுப்பிலிருந்து ஏதோ வழுக்கி இறங்கியது. பெக்தூர். கூட்டத்தின் பின்னாலேயே குடுகுடுவென்று ஓடினான். சேற்றில் ஒரு தரமும் விழவில்லை.

"அடேயப்பா! இதுவும் நடந்துடுச்சு பாருங்கடி!" என்று அக்கா கைகொட்டினாள். "ஒரே நாள்ல ரெண்டு குட்டி!"

ஒரு சின்னப் பெண் முதலில் வந்து அரூகேயின் கயிற்றை அறுத்தாள். அதே கயிற்றை முடிந்து பெக்தூருக்கும் கட்டி, அதையும் அறுத்தார்கள். புருல் சாய்கலைக் கட்டிக்கொண்டாள்.

"இன்னிக்குத்தான் நடந்தானாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமாண்ணே, இப்பத்தான். எல்லாம் உங்க மக ராசி."

விருந்துக்கு எல்லாரும் உள்ளே போனார்கள். வாசற்படியில் பெக்தூரை உட்கார வைத்து, சேறு அப்பிய அவன் புது பூட்ஸைக் கழற்றக் குனிந்தேன்.

"விடுங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்று சாய்கல் பதறிக்கொண்டு வந்தாள்.

அதற்குள் கழற்றிவிட்டேன்.

இடுப்பைவிட்டு இறங்காத அந்தப் பிள்ளையின் காலுறை அடியில் ஓட்டையாகி, சாம்பல் நூலால் தைக்கப்பட்டு, அதுவும் தேய்ந்து, மறுபடியும் சிவப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது.