அவர் கண்ணில் பதிந்தவை

இறந்துபோன கணவர் கண்ணில் மாட்டியிருந்த பதிவு வில்லையைச் சண்முகவடிவு ஒரு சிறு டப்பாவில் கொண்டுவந்திருந்தாள். கல்யாண நாளிலிருந்து முப்பத்தொரு வருடம் அவர் பார்த்ததெல்லாம் அதில் பதிவாகியிருந்தது. பதினாறாம் நாள் காரியத்தில் போட்டுக்காட்ட ஒரு படம் வேண்டும்.

"அவரு என்னையப் பாத்ததை மட்டும் எடுத்துக் கோத்துக் குடும்மா," என்றாள்.

தூத்துக்குடியில் எடிட்டிங் கடை வைத்திருந்த பிலோமினா எல்லா கிளிப்புகளையும் கணினியில் ஏற்றினாள். ஏற்றி முடிக்கவே மதியமாகிவிட்டது. பிறகு சண்முகவடிவின் முகத்தைக் கொடுத்துத் தேடினாள். வந்ததைப் பார்த்துவிட்டு, ஏதோ விட்டுப்போயிற்று என்று நினைத்து மறுபடியும் முதலிலிருந்து ஏற்றினாள். அதேதான் வந்தது.

"எவ்வளவு நேரம் வருது?"

"கல்யாணத்தன்னைக்கு இருபது நிமிஷம் இருக்கும்மா. அப்புறம்..."

பிலோமினா தயங்கினாள். அதற்குப் பிந்திய வருடங்களில் சோறு வைக்கும் கை இருந்தது. அடுப்பைப் பார்த்து நிற்கும் முதுகு இருந்தது. முகம் இல்லை.

"ஆஸ்பத்திரியில கடைசி ஒன்பது நாளு நிறைய இருக்கு. கண்ணெடுக்காம உங்களையே பாத்துக்கிட்டு இருக்காரு. அதை வெச்சே அழகா செஞ்சிரலாம்."

திரையில் சண்முகவடிவின் முகம் கட்டிலருகே குனிந்திருந்தது. அவள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

"அப்போ அவரால கழுத்தைத் திருப்ப முடியலம்மா," என்றாள். பிறகு, "அதையே போட்டுரு. பிள்ளைங்ககிட்ட சொல்லிராத."