சதுரங்கப்பட்டினம் வழியாக

கோட்டைக்குள் சிநேகாவைக் காணவில்லை.

கொஞ்ச நேரம் முன்பு இருந்தாள். டச்சுக்காரர்களின் கல்லறைக் கல் ஒன்றின் மேல் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஜாய்ஸ் குனிந்து அறுந்த செருப்பு வாரை முடிச்சுப் போட்டு மாட்டிவிட்டு நிமிர்ந்தபோது கல் மட்டும் இருந்தது.

நான்கு வயது. மஞ்சள் கவுன்.

"சிநேகா!"

கிடங்குக்குள் ஓடினாள். வௌவால் நாற்றம். இருட்டில் கைகளை வீசித் துழாவினாள். வெளியே வந்து இடிந்த மதில் வழியாகப் பார்த்தாள். கடல். மணலில் காலடி எதுவும் இல்லை. அந்தக் காற்றில் எந்தக் காலடியும் நிற்காது.

மாமனார் தாவீது தண்ணீர் பாட்டிலோடு அப்போதுதான் வேனிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"கொயந்த உன்னாண்டதானே இருந்துச்சு?"

கேட்டுக்கொண்டே பாட்டிலைக் கீழே போட்டுவிட்டு மதிலை நோக்கி ஓடினார்.

இங்கே வந்ததே அவர் யோசனைதான். சாயங்காலத்துக்குள் பரங்கிமலை ராணுவப் பயிற்சி மையத்தின் வாசலில் இருந்தால் போதும், குழந்தைக்கு நாலு இடம் காட்டிக்கொண்டு போகலாம் என்றார். படாளத்திலிருந்து கிளம்பி, பாலாற்றுப் பாலத்தில் வேனை மெதுவாக்கி மணலைக் காட்டினார். செங்கல்பட்டு ஏரிக்கரையில் இட்லி. திருக்கழுக்குன்றத்தில் மலை. பிறகு ஆறு கடலில் சேருகிற பக்கமாக வந்து, இந்தக் கோட்டை.

புதருக்குள் ஒரு பாழ்கிணறு. கம்பிவலை போட்டு மூடியிருந்தது. ஜாய்ஸ் மண்டியிட்டு வலை முழுவதையும் கையால் அழுத்திப் பார்த்தாள். எங்கும் கிழிசல் இல்லை. அப்படியும் உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். அவள் குரலே திரும்பி வந்தது.

வாசலுக்கு ஓடினாள். சித்திரை வெயிலில் வேன் நின்றிருந்தது. எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருந்தது.

பின்பக்கக் கண்ணாடியில் ஒரு சின்ன உள்ளங்கை.

அவள் போட்ட சத்தத்தில் தாவீது ஓடி வந்தார். சாவி துவாரத்தில் நுழையவில்லை. அவர் கை அப்படி ஆடியது. ஜாய்ஸ் பிடுங்கித் திறந்தாள்.

அனல் முகத்தில் அடித்தது. சீட்டுக்கும் டிரங்குப் பெட்டிக்கும் நடுவில் சிநேகா வியர்வையில் தொப்பலாக நனைந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது.

"தாத்தா பின்னாடியே வந்து ஒளிஞ்சிக்கினேன்."

அவர் பார்க்கவில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார்.

வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரம்மா முந்தானையை நனைத்துக்கொண்டு ஓடி வந்து குழந்தையின் உடம்பைத் துடைத்தாள். மடக்கு மடக்காகத் தண்ணீர் கொடுத்தார்கள். நிழலில் கொஞ்ச நேரம் கிடந்தபின் சிநேகா ஐஸ் கேட்டாள்.

ஜாய்ஸ் கடையில் ஒன்று வாங்கி அவள் கையில் கொடுத்தாள்.

வேன் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தது. மாமல்லபுரத்தில் இறங்கவில்லை. நெம்மேலி போனது, கோவளம் போனது. தூங்கிவிட்ட குழந்தையின் நெஞ்சில் ஜாய்ஸ் அடிக்கடி கை வைத்துப் பார்த்துக்கொண்டாள். தாவீது ஸ்டீயரிங்கைப் பிடித்த பிடியைத் தளர்த்தவில்லை.

பயிற்சி மையத்தின் வாசலில் வேன் நின்றது. தாவீது இறங்கி, குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். காவலுக்கு நின்ற சிப்பாய் அவரிடம் வந்தான்.

"யாரைப் பாக்கணும்? உள்ள இருக்கிறது உங்க பையனா?"

தாவீது ஜாய்ஸைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரையும் பாக்க வரல சார்," என்றாள் ஜாய்ஸ். "நான்தான் இன்னிக்கு இங்க சேரணும்."

ராணுவத்தில் இருந்த அவள் கணவன் மோகன் எல்லையில் இறந்து இரண்டு வருடமாகிறது. பணியில் இறந்தவரின் மனைவி என்ற முறையில் விண்ணப்பித்து, தேர்வாகி, அதிகாரிப் பயிற்சிக்கு வந்திருந்தாள். பயிற்சி முடிய ஒரு வருடம் பிடிக்கும். அதுவரை சிநேகா தாத்தாவிடம். வீட்டில் வேறு யாரும் இல்லை.

சிப்பாய் விறைத்து நின்றான். பிறகு தகவல் சொல்ல உள்ளே போனான்.

தாவீது மெல்லச் சொன்னார்: "மோகன ரயிலேத்தி அனுப்பினேனே, அன்னிக்கு எனக்குக் கொஞ்சங்கூட பயம் வரல. இன்னிக்குக் கை நடுக்கம் நிக்கவே மாட்டேங்குது. இந்தக் கைய நம்பியாம்மா வுட்டுட்டுப் போற?"

திரும்பிப் போய்விடலாம் என்று ஜாய்ஸுக்குத் தோன்றியது. வேன் கதவு திறந்துதான் இருந்தது. ஏறி உட்கார்ந்தால் போதும்.

அவள் அவர் கையைப் பார்த்தாள். ஆடிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் விரல்கள் குழந்தையின் கவுனைக் கொத்தாகப் பற்றியிருந்தன. தூக்கத்திலிருக்கிற பிள்ளையை யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல.

"பயந்துகினே இருங்க மாமா," என்றாள். "எனக்கு அது போதும்."