விற்ற காருக்கு விலை உயர்ந்த ஆயில்

“சிந்தெட்டிக் ஆயிலே ஊத்திடுங்க” என்றார் காரைக் கொண்டுவந்தவர்.

மெக்கானிக்குக்கு ஆச்சரியம். “வண்டிய வித்துட்டேன்னு சொன்னீங்களே சார்! சாதா ஆயில் போதாதா?”

“குளிர்ல அது கெட்டியாயிடும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“இங்க ஏது சார் அவ்வளவு குளிர்?”

“வாங்கினவங்க பனி கொட்டுற ஊருக்குக் குடிபோறாங்க. காலையில வண்டி மக்கர் பண்ணாம கிளம்பணும்.”

“யாரோ எவரோ! அவங்களுக்காக நீங்க ஏன் சார் இவ்வளவு மெனக்கெடறீங்க?”

அவர் வாய் திறப்பதற்குள் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். அவள் கையை உதறிவிட்டு ஓடிவந்த சிறுமி அவரைக் கட்டிக்கொண்டாள்.

“அப்பா, நீயும் எங்களோட வாயேன்!”

அவர் மகளின் தலையைக் கோதியபடியே, போன மாதம்வரை தன் மனைவியாக இருந்தவளிடம் சாவியை நீட்டினார்.