தாடைப் பொருத்தம்

மகளைக் கட்டிக்கொள்ள வந்திருப்பவனின் முகத்தை டாக்டர் இன்னும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. லேப்டாப் திரையில் கீழ்த்தாடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முகம் பொய் சொல்லும், எலும்பு சொல்லாது என்பது அவர் கட்சி. முப்பது வருஷமாகப் பல்லும் தாடையுமாகவே பிழைத்தவர் வேறு எதைச் சொல்வார்?

பையன் லிஃப்ட் மெக்கானிக், வயது முப்பது என்று சொல்லியிருந்தான். சோபா நுனியில், இஸ்திரி கலையாத சட்டையோடு உட்கார்ந்திருந்தான். பத்தாவது மாடியில் லிஃப்ட் பெட்டிக்கு மேலே ஏறி நின்று வேலை பார்ப்பவனுக்கு இங்கே உள்ளங்கை வியர்த்தது.

இதற்கு முன் வந்த இரண்டு பேரையும் இதே சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் டாக்டர் கழித்துக்கட்டினார். ஒருவன் தூக்கத்தில் பல்லைக் கடிப்பவனாம், தேய்மானம் காட்டிக்கொடுத்துவிட்டது. இன்னொருவனுக்கு இடது தாடை வலதைவிட இரண்டு மில்லிமீட்டர் குட்டை. கோணல் புத்தி என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இவன் மகளே தேடிக்கொண்டவன். இவனையும் தள்ளினால் இன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று காலையில் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். அந்தப் பிடிவாதம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று டாக்டருக்குப் புரிந்ததே இல்லை.

திரையில் இருந்த தாடை ஸ்கேனைக் கொண்டுவந்ததும் அவள்தான். அப்பாவின் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷினை ஓட்டுவது அவள் வேலை. அங்கே அப்பா போட்ட சட்டம் ஒன்று உண்டு: ஆபரேஷனுக்குத் திட்டம் போடும்போது நோயாளி யாரென்று அவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கை தயங்குமாம். அதனால் திரையின் மூலையில் பெயர் வருகிற இடத்தில் ஒரு துண்டு பிளாஸ்திரியை ஒட்டிவிடுவார்கள்.

வீட்டிலும் சட்டம் சட்டம்தான். பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

டாக்டர் ஒரு வலி மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். தலைவலி என்றார். ஆறு மாதமாக அதே தலைவலிதான்.

பிறகு வழக்கம்போல, நரம்பு போகும் பாதைக்கு மவுஸால் சிவப்புக் கோடு போட ஆரம்பித்தார்.

கடைவாய்க்குக் கீழே வந்ததும் கோடு இரண்டாகப் பிரிந்தது.

நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். அடடா! ஊரில் எல்லாருக்கும் ஒரு பாதை என்றால் இவனுக்கு இரண்டு. முகவாய் அருகே நரம்பு வெளியே வருவதற்கும் ஒன்றுக்கு இரண்டு ஓட்டை. போதாக்குறைக்கு வலது கோடியில் ஒரு ஞானப்பல், காலை நீட்டிக் குறுக்கே படுத்துக்கொண்டு, இரண்டு நரம்புக்கும் நடுவில் வேரை நுழைத்திருந்தது.

கொஞ்ச நேரம் அவர் பெண்ணைப் பெற்றவராகவே இல்லை. எங்கே கீறுவது, பல்லை எத்தனை துண்டாக்குவது, எந்த வேரைத் தொடாமல் விடுவது என்று விரல் காற்றில் வெட்டிக்கொண்டிருந்தது. நூலளவு பிசகினாலும் கீழுதடு ஆயுசுக்கும் மரத்துப்போகும். காபி வழிந்தால்கூடத் தெரியாது.

"வலி இருக்கா?" திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"இல்லவே இல்ல சார்."

அவ்வளவுதான், டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைச் சுற்றி எலும்பே அரித்திருக்கிறது! படுத்தால் தூக்கம் வராது. சாப்பாட்டை இடது பக்கமே தள்ளித் தள்ளி மெல்ல வேண்டும். இத்தனையையும் வைத்துக்கொண்டு வலியில்லை என்று கூசாமல் சொல்கிறானே! எலும்பின் தேய்மானத்தைப் பார்த்தால் முப்பது வயது மாதிரியும் இல்லை. வயதையும் குறைத்துச் சொல்லியிருக்கிறான், திருட்டுப்பயல்.

மகள் சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் அவள் அம்மா, காபிக் கோப்பைகளோடு.

டாக்டர் எழுந்து நின்று தீர்ப்பைச் சொன்னார்.

"பயந்தாங்கொள்ளி. பல்லை எடுக்கணும்னு தெரிஞ்சும் வாயத் திறக்காம, மாத்திரைய முழுங்கி நாளைக் கடத்துற ஆளு. நரம்புகூட நேர் வழியில போகல, இது யார் பேச்சைக் கேக்கப் போகுது? இந்தத் தாடையோட ஒரு பொண்ணு ஒரு வருஷம்கூடக் குப்பை கொட்ட முடியாது!"

லிஃப்ட் மெக்கானிக் தன் வலது கன்னத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்தான். ஒன்றும் வலிக்கவில்லை.

மகள் மேசைக்கு வந்து, பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, சர்ரென்று உரித்தாள்.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். வயது ஐம்பத்தெட்டு. தேதி, போன மாதம் புது மெஷின் வந்திறங்கிய நாள். அன்றைக்கு நோயாளி யாரும் இல்லை. மெஷின் ஓடுகிறதா என்று பார்க்க அவரே முதல் ஆளாகத் தலையைக் கொடுத்தார். படம் வந்துவிட்டதா என்று கேட்டாரே தவிர, வந்த படத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவர் கை தானாக வலது கன்னத்துக்குப் போனது.

மனைவி காபியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"முப்பத்தோரு வருஷமா கொட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்."

டாக்டர் முதல்முறையாகப் பையனின் முகத்தைப் பார்த்தார். நல்ல முகமாகத்தான் இருந்தது.

"காபி ஆறிடப் போகுது," என்றார், உதடு மரத்துப்போனவர் மாதிரி. "குடிங்க மாப்பிள்ளை."

பிறகு தன் கோப்பையை எடுத்து, ஆறு மாதமாகக் குடிக்கிற மாதிரியே, தலையை இடது பக்கம் சாய்த்துக் குடித்தார்.